கர்லில் வேலை செய்கிறது, ஜாவாவில் 400: கிளையன்ட் சான்றிதழ் சிக்கல்

கேள்வி:
என்ஜின்எக்ஸ் வலைச் சர்வர் கிளையன்ட் சான்றிதழ் (இணைபவர் யார் என்று காட்டுவது) கேட்கிறது. கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியில் சான்றிதழின் பெம் கோப்பைக் கொடுத்தால் 200, அதாவது வெற்றி. அதே சான்றிதழும் சாவியும் அடங்கிய பி12 கோப்பை ஜாவாவில் வைத்தால் 400 பிழை, சான்றிதழே வரவில்லை என்கிறது சர்வர். கடவுச்சொல் சரி, காலாவதியும் ஆகவில்லை. வேறு எங்கே பார்ப்பது?

பதில் 1:
சான்றிதழை டிரஸ்ட்ஸ்டோரில் போட்டுவிட்டீர்களோ? அது சர்வரை நம்புவதற்கு. உங்களுடையது கீஸ்டோரில் இருக்க வேண்டும், தனிச்சாவியோடு.

கேட்டவர்:
கீஸ்டோரில்தான், சாவியோடுதான் இருக்கிறது.

பதில் 2:
சர்வர் சொல்வது உண்மைதான், ஜாவா அனுப்பவே இல்லை. இணைப்பின் தொடக்கக் கைகுலுக்கலில் சர்வர் தான் ஏற்கும் சிஏக்களின் (சான்றிதழ் வழங்கும் அமைப்புகளின்) பெயர்ப் பட்டியலைத் தரும். உங்கள் சான்றிதழ்ச் சங்கிலியில் (உங்கள் சான்றிதழ், அதை வழங்கியவரின் சான்றிதழ் என நீளும் வரிசை) அந்தப் பெயர் எதுவும் இல்லையென்றால், ஜாவா சத்தமில்லாமல் வெற்றுச் சான்றிதழை நீட்டிவிடும். எரிச்சலூட்டும் குணம்! கர்ல் பட்டியலைப் பார்க்காது, கொடுத்ததை அப்படியே அனுப்பும்.

ஜாவாவோடு வரும் கீடூலில் விரிவான பட்டியல் எடுத்து, சங்கிலி நீளத்தைப் பாருங்கள். 1 என்றால் இடைநிலைச் சான்றிதழ் (உங்களுடையதற்கும் மூல சிஏவுக்கும் நடுவிலுள்ளது) விடுபட்டிருக்கலாம்.

கேட்டவர்:
1தான்! பெம் கோப்பில் இரண்டு சான்றிதழ்கள் இருக்கின்றன.

பதில் 2:
அப்படியானால் அந்தப் பெம்மையும் சாவியையும் கொடுத்து, ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியில் பி12-ஐ மறுபடி உருவாக்குங்கள். அப்புறம் ஜாவாவை மறுதொடக்கம் செய்யுங்கள். இல்லாவிட்டால் பழைய கீஸ்டோர் நினைவகத்திலேயே இருக்கும்.