மறு: லொக்கேஷன் ட்ராக்கிங் – தமிழில் இரண்டு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். ஓட்டுநர் செயலிக்காக 'லொக்கேஷன் ட்ராக்கிங்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற நம் குழு உரையாடலில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'இருப்பிடக் கண்காணிப்பு' என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறது, சரிதான். ஆனால் ஓட்டுநர்களின் அந்தரங்கத்தைப் பற்றி எழுத அந்த ஒரு சொல் போதாது. வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்று பார்ப்பது ஒரு வேலை. போன இடமெல்லாம் சேர்த்துவைப்பது வேறு வேலை. ட்ராக்கிங் என்ற சொல்லில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. முதலாவதை 'இடமறிதல்' என்றும் இரண்டாவதை 'தடப்பதிவு' என்றும் பிரிக்கலாம் என்பது என் முன்மொழிவு.

நம் மோட்டார் வாகன விதி 125எச்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பயணிகள் வாடகை வாகனங்களில் இடமறியும் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும் என்கிறது (ஆட்டோவுக்கு விலக்கு உண்டு). பொத்தானை அழுத்திய பெண்ணுக்கு உதவி போய்ச் சேர இடமறிதல் வேண்டும். அதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அதே ஓட்டுநர் இரவில் எந்தத் தெருவில் தூங்கினார், எந்த மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தினார் என்பது முதலாளியின் கணினியில் ஏன் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும்? பாதுகாப்பு என்ற காரணம் முதலாவதற்குப் பொருந்தும்; அதைக் காட்டியே இரண்டாவதையும் வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது அவர்களுக்கு வசதி.

சேர்த்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் டாக்ஸிகளே சாட்சி. 2013இல் அங்கே ஓடிய சுமார் 17.3 கோடி சவாரிகளின் விவரம் தகவல் உரிமைச் சட்டம் வழியே 2014இல் வெளியே வந்தது. உரிம எண்களை மறைத்துத்தான் கொடுத்தார்கள். மறைத்த முறை பலவீனமானது என்பதால் எந்த வண்டி, எந்த ஓட்டுநர் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். தொழுகை நேரத்தில் தவறாமல் நிற்கும் வண்டிகளைப் பார்த்து ஓட்டுநரின் மதத்தைக்கூட ஊகிக்க முடிந்தது. ஒரு நாள் எங்கே நின்றது என்று தெரிந்தால் இது வராது. பல நாள் தடம் சேர்ந்ததால் வந்தது.

2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஜோன்ஸ் வழக்கிலும், போலீஸ் ஜிபிஎஸ் கருவி பொருத்திச் சேர்த்த ஒரு ஜீப்பின் 28 நாள் தடம்தான் பிரச்சினையானது. நம் உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலையில், ஜாமீனில் வந்தவர் கூகுள் வரைபடத்தில் தன் இடத்தைப் போலீசுக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை ரத்து செய்தது.

> 'பின்தொடர்தல்' எளிமையாக இல்லையா?

அது சமூக ஊடகத்தில் ஏற்கெனவே வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. 'கண்காணிப்பு' என்றால் மேலதிகாரி நியாயமாகச் செய்யும் வேலை என்ற தொனி வந்துவிடுகிறது; மேற்பார்வை என்றே பலர் படிப்பார்கள்.

பிரைவசிக்கு 'தனியுரிமை' வேண்டாம் என்பேன். நம் குழுவிலேயே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிமையான மென்பொருளை 'தனியுரிம மென்பொருள்' என்று எழுதுகிறோம், இரண்டும் மோதும். 'அந்தரங்கம்' வடசொல் என்று சிலர் தயங்கக்கூடும். ஆனால் ஓட்டுநர் சங்கத்தில் துண்டறிக்கை கொடுத்தால் விளக்கம் சொல்லாமலே புரியும். அதனால் 'இட அந்தரங்கம்' என்று எழுதலாம்.

'தடம்' என்றால் பேருந்துத் தடம் நினைவுக்கு வரும் என்ற ஆட்சேபம் வரலாம். அது எனக்குப் பெரிய தடையாகத் தெரியவில்லை. 'சுவடுப்பதிவு' நன்றாக இருக்கிறது என்று தோன்றினால் அதையும் ஏற்கிறேன். ஓட்டுநர் செயலியின் திரையில் வைக்க ஒரு பொத்தான் வாசகம் மட்டும் இப்போதே தேவை: 'வேலை முடிந்ததும் தடப்பதிவை நிறுத்து'. இதைவிடச் சின்னதாக யாராவது சொல்லுங்கள்.