பீஸ் எல்லாம் சரி, சார்ட்டில் மட்டும் புள்ளிகள் வெளியே. என்ன செய்யலாம்?

குவாலிட்டி வேலையில் இருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

கோவையில் ஒரு சின்ன சிஎன்சி பட்டறையில் இருக்கிறேன். பம்ப் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தைக் கடைகிறோம். அளவு 24.987 முதல் 25.000 மி.மீ. வரை, மொத்தமே 13 மைக்ரான். மணிக்கு 5 பீஸ் எடுத்து எக்ஸ்-பார் (அந்த ஐந்தின் சராசரி), ஆர் (ஐந்தில் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது வீச்சு) சார்ட் போடுகிறேன். வீச்சின் சராசரி 3 மைக்ரான். அதை 5 பீஸுக்கான சார்ட் மாறிலி 0.577-ஆல் பெருக்கினால், நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் வெறும் 1.7 மைக்ரான்தான் எல்லை.

சிக்கல் இங்கேதான். காலையில் இன்சர்ட் (டூலின் வெட்டு முனை) மாற்றியதும் சராசரி 24.991. இன்சர்ட் தேயத் தேய விட்டம் ஏறி, சாப்பாட்டு நேரத்துக்குள் 24.996-ஐத் தொடுகிறது. ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் இல்லை, ஆனால் எக்ஸ்-பாரில் பாதிப் புள்ளிகள் எல்லைக்கு வெளியே. ஆர் சார்ட் மட்டும் சமர்த்தாக இருக்கிறது. ஆபரேட்டரோ ஒவ்வொரு புள்ளிக்கும் ஆஃப்செட்டை (மெஷினில் கொடுக்கும் டூல் நிலைத் திருத்தம்) மாற்றுகிறார். அது இன்னும் மோசம்.

தேய்மானத்தைக் கணக்கில் எடுத்து நடுக்கோட்டையே சாய்வாகப் போடுவதா? இல்லை, இத்தனை பீஸுக்கு ஒருமுறை 2 மைக்ரான் ஆஃப்செட் என்று வைத்துவிடுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். எக்செல் மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் ஒன்று. கடைந்த சூட்டோடு அளந்தால் 2 மைக்ரான் கூடுதலாகக் காட்டுகிறது. 25 மி.மீ. ஸ்டீல் அவ்வளவு விரிய 7 டிகிரி சூடே போதும். நீங்கள் எவ்வளவு நேரம் ஆறவிட்டு மைக்ரோமீட்டர் வைக்கிறீர்கள்?