லேப்டாப்பில் ஹை-ரெஸ் பாட்டு: டிஏசி ஏன் 48-லேயே நிற்கிறது?

மெட்டுக்காரன்:
வணக்கம் நண்பர்களே. வீட்டு விண்டோஸ் லேப்டாப்பில் யூஎஸ்பி டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) மாட்டி, அதிலிருந்து ஆம்ப், ஸ்பீக்கர் என்று இணைத்திருக்கிறேன். டைடல் என்ற இசை ஸ்ட்ரீமிங் ஆப்பில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 96,000 ஒலி மாதிரிகள்) ஹை-ரெஸ் ஆல்பம் போட்டாலும் சரி, 44.1 ஆல்பம் போட்டாலும் சரி, டிஏசி திரையில் 48 என்றே காட்டுகிறது. போதாததற்கு, பாட்டு நிற்கும்போது ஸ்பீக்கரில் மெல்லிய உறுமல். கம்ப்யூட்டர் இதற்கெல்லாம் சரிப்படாது, தனி ஸ்ட்ரீமர் (நெட்டிலிருந்து பாட்டு ஓட்டும் தனிப் பெட்டி) வாங்கு என்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

சுருதிப்பெட்டி:
வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். பாட்டு, மெயில் வந்தால் அடிக்கும் மணி, பிரவுசரில் ஓடும் வீடியோ எல்லாவற்றையும் விண்டோஸ் ஒன்றாகக் கலந்து, சவுண்ட் செட்டிங்கில் குறித்திருக்கும் ஒரே அளவுக்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும். உங்களிடம் அது 48 என்று இருக்கிறது, அவ்வளவுதான். டைடலின் டெஸ்க்டாப் ஆப்பில் (பிரவுசரில் இது நடக்காது) வெளியீட்டுக் கருவியாக டிஏசியைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்க்ளூசிவ் மோடைப் போடுங்கள். அப்போது பாட்டு அந்தக் கலவைக்குள் போகாமல் நேராக டிஏசிக்குப் போகும். ஆனால் அதற்கு முன்னால் ஆம்ப் வால்யூமை நன்றாகக் குறைத்துவிடுங்கள், சில டிஏசிகளில் விண்டோஸ் வால்யூம் கட்டுப்பாடு வேலை செய்யாமல் முழுச் சத்தத்தில் அலறும்.

நள்ளிரவு ரேடியோ:
உறுமல் வேறு விஷயம். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப்தான், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வழியே சுற்றும் மின்சாரம். லேப்டாப்பையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாலே பல நேரம் அடங்கிவிடும். அடங்காவிட்டால் யூஎஸ்பியிலிருந்து ஆப்டிகலுக்கு மாற்றும் சின்னக் கருவி ஒன்று போடலாம், ஆப்டிகல் கேபிளில் மின்சாரம் போகாது என்பதால் லூப் அங்கேயே அறுந்துவிடும். எர்த் பின்னை மட்டும் எடுத்துவிடாதீர்கள், யார் சொன்னாலும், அது உயிருக்கு ஆபத்து.

தாளம்44:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே 22 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலி அடங்கிவிடுகிறது, மனிதக் காது 20-க்கு மேல் கேட்பதில்லை. 96-க்காக மெனக்கெடுவதைவிட லேப்டாப்பின் ஃபேன் சத்தத்தைப் பாருங்கள். பாட்டின் மெல்லிய இடங்களை முதலில் விழுங்குவது அதுதான். நீளமான யூஎஸ்பி கேபிள் வாங்கி (5 மீட்டருக்குள்) லேப்டாப்பைத் தள்ளி வையுங்கள், மிச்சக் காசை ஸ்பீக்கருக்குப் போடுங்கள்.

சுருதிப்பெட்டி:
@தாளம்44 ஃபேன் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனாலும் 44.1-ஐத் தேவையில்லாமல் 48 ஆக்குவானேன்? உள்ளதை உள்ளபடி அனுப்பக் காசா பணமா, ஒரு பட்டனைத் தட்டினால் போதும்.

மெட்டுக்காரன்:
போட்டுவிட்டேன்! இப்போது ஆல்பத்துக்கு ஏற்றபடி 44.1, 96 என்று மாறுகிறது. பேட்டரியில் ஓட்டினால் உறுமலும் இல்லை. ஆனால் ஒரே பாக்ஸில் செருகியும் சார்ஜர் மாட்டினால் திரும்ப வருகிறது, அதனால் ஆப்டிகல்தான். அதில் 192 போகுமா?

நள்ளிரவு ரேடியோ:
96 வரை நம்பலாம். 192 கருவிக்குக் கருவி மாறும், வாங்குமுன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள்.