மொறிஸ் மைனர் ஆசனம்: புதுத் தோல் பழைய தோலோடு நிறம் சேரவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி (கல்லடி)

அப்பப்பாவின் மொறிஸ் மைனர் 1000, 1959ஆம் ஆண்டு வண்டி. 948 சிசி எஞ்சின் இன்னும் நன்றாக ஓடுகிறது. உள்ளே சிவப்புத் தோல் ஆசனங்கள், வண்டியோடு வந்தவை. டிரைவர் ஆசனத்தில் மட்டும் தையல் விட்டு, தோல் பொடிந்து கிழிந்துவிட்டது. கொழும்பிலிருந்து சிவப்புத் தோல் எடுப்பித்து, இங்கே ஒரு குஷன் கடையில் தைக்கக் கொடுத்தேன். இரவு கடை வெளிச்சத்தில் பார்க்கும்போது பக்கத்து ஆசனத்தோடு அச்சொட்டாகச் சேர்ந்திருந்தது. மறுநாள் காலை கல்லடிப் பாலத்தில் வெயிலுக்குள் ஏறியதும் நெஞ்சு திக்கென்றது. புதியது செவ்வரத்தம்பூ மாதிரி. மற்றவை பழம்புளி மாதிரி.

பழையதற்குச் சாயம் அடிப்பதா, புதியதை மங்கச் செய்வதா, எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகத் தைப்பதா? அப்பப்பா இருந்து ஓடிய தோல். எறிய மனம் வரவில்லை.

பதில் (களுவாஞ்சிகுடி)

கடைக்காரர் ஏமாற்றவில்லை தம்பி. வெவ்வேறு சாயம் போட்ட இரண்டு தோல், ஒரு பல்ப் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும், பகலில் பிரிந்துவிடும். இரவில் நிறம் பார்க்கவே கூடாது. வெயில் நேரே விழாத விறாந்தையில் பகல் பதினொரு மணிக்குப் பாருங்கள். மாமர நிழலும் வேண்டாம், இலைப் பச்சை சிவப்பைக் கெடுத்துவிடும்.

அப்புறம், பழைய ஆசனத்தை எப்போதாவது துடைத்தீர்களா? அந்தப் புளி நிறத்தில் பாதி, அறுபது வருஷ வியர்வையும் புழுதியுமாக இருக்கலாம். மென்மையான சோப்பின் நுரையை மட்டும் துணியில் எடுத்து, ஒரு மூலையில் துடைத்துப் பாருங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பதில் (கல்முனை)

நான் என்றால் எல்லா ஆசனத்தையும் கழற்றி ஒரே தோலில் தைத்துவிடுவேன். ஒரே தரத்தில் பிரச்சினை முடியும்.

பதில் (காத்தான்குடி, குஷன் வேலை)

கழற்ற வேண்டாம் தம்பி. தோல் ஆசனத்தோடு வந்த மைனர் இப்போது எத்தனை மிஞ்சியிருக்கிறது? கிழியாத தோலை எடுத்து எறிவதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

முதலில் ஒரு சோதனை. ஆசனத்தின் அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில், பஞ்சில் ஒரு துளி தின்னர் தொட்டுத் தேயுங்கள். அந்தக் காலத்துத் தோலுக்கு மேல்பூச்சு செலுலோஸ், பஞ்சில் சிவப்பு ஏறும். இப்போதைய தோலுக்குப் பெரும்பாலும் யூரித்தேன் பூச்சு, அது இலகுவில் கரையாது. இரண்டும் இரண்டு விதமாக மின்னுவதற்கும் அதுதான் காரணம். நிறம் சரியாக இருந்தாலும் பளபளப்பு வேறாக இருந்தால் கண் அதை வேறு நிறம் என்றே சொல்லும்.

அடுத்தது, மடிப்பு வரிகளைப் பாருங்கள். உள்ளே தடிப்பான ஸ்பொஞ் வைத்துத் தைத்திருந்தால் ஒவ்வொரு வரியும் உப்பி நிற்கும். உப்பிய தோல் வெளிச்சத்தை அதிகம் வாங்கும், இன்னும் வெளிறித் தெரியும். பழையதில் மெல்லிய பஞ்சு விரிப்புத்தான் இருந்திருக்கும். பழைய உறையை எறிந்துவிடாதீர்கள், அதுதான் அளவு. வரியின் அகலம், ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் உடம்பு படும் முகம் மட்டுமே தோல். பக்கங்களும் ஆசனத்தின் முதுகும் ரெக்சின், அதாவது தோல் மாதிரித் தெரியும் செயற்கைத் துணி. உங்கள் கடைக்காரர் எல்லாவற்றையும் தோலிலேயே தைத்தாரா?

கேட்டவர்

மூன்று நாளாக இதே வேலையாக இருந்தேன் காக்கா. துடைத்த துணி கோப்பி நிறமானது, உள்ளிருந்து நல்ல சிவப்பு வந்தது! மடித்து ஆணி அடித்த விளிம்பைக் கிளப்பிப் பார்த்தேன், அங்கே இன்னும் ஆழமான சிவப்பு. தின்னர் சோதனையும் நீங்கள் சொன்னபடியே. பக்கங்களையும் தோலில்தான் தைத்திருக்கிறார், ஸ்பொஞ்சும் அரை அங்குலத்துக்கு மேல். நான் எந்தச் சிவப்புக்குச் சேர்ப்பது, விளிம்பின் சிவப்புக்கா, துடைத்த முகத்துக்கா?

பதில் (காத்தான்குடி, குஷன் வேலை)

துடைத்த முகத்துக்கு. விளிம்பின் சிவப்பு 1959இன் சிவப்பு, அதற்குச் சேர்த்தால் மற்ற ஆசனங்களுக்கும் சாயம் அடிக்க வேண்டி வரும்.

புது உறையைப் பிரித்து, மெல்லிய விரிப்பு வைத்துத் திரும்பத் தைப்பியுங்கள். பக்கங்களுக்கு ரெக்சின். தைக்க முன்னர் நிறம் கொடுக்க வேண்டும். தோலுக்கென்று விற்கும் தண்ணீர்க் கலவைச் சாயம் வாங்குங்கள், சப்பாத்துப் பொலிஷ் வேண்டாம், உடுப்பில் ஒட்டும். தோலின் மினுக்கத்தை மிக நுண்ணிய சாண்ட் பேப்பரால் லேசாக எடுத்துவிட்டு, சிவப்போடு மண்ணிறம் சொட்டுச் சொட்டாகக் கலந்து, வெட்டி மிஞ்சிய துண்டில் முதலில் அடியுங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு பழைய ஆசனத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நான் ஐந்தாறு துண்டு அடித்துத்தான் ஒன்றைத் தெரிவேன். பிறகு மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தரம், கடைசியில் மினுக்கம் குறைந்த மேல்பூச்சு.

கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களிலேயே முடித்துவிடுங்கள். கார்த்திகை மழை தொடங்கினால் பூச்சு காயாது, பழைய தோலிலும் பூஞ்சணம் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் பூசிவிடாதீர்கள், தோல் கறுத்து, பூஞ்சணத்துக்குத் தீனியாகிவிடும்.

கேட்டவர்

நாலாவது துண்டு சேர்ந்துவிட்டது. விறாந்தையிலும் பார்த்தேன், வெயிலிலும் பார்த்தேன், அம்மாவைக் கூப்பிட்டு எது புதியது என்று கேட்டேன். தொட்டுப் பார்த்துத்தான் சொன்னா. உறை இப்போது தையலில் இருக்கிறது. பழைய பைப்பிங் (தையல் ஓரத்தில் வைக்கும் உருண்டை நாடா) இரண்டு முழம் நல்லதாக மிஞ்சியிருக்கிறது, அதையே முன் விளிம்பில் வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன்.