மறு: தொடர் குற்றமா, நீள்குற்றமா?

வணக்கம்.

ஆட்களை வலிந்து காணாமல் ஆக்குவதைச் சட்டத்தில் "கண்டினியூயிங் ஒஃபென்ஸ்" என்கிறார்கள். அதற்குத் தமிழில் "தொடர் குற்றம்" போதும், இருக்கிற சொல்லை ஏன் மாற்றுவான் என்று சென்னையிலிருந்து அண்ணர் எழுதியிருந்தார். இலக்கணப்படி அவர் சொல்வதில் பிழையில்லை. ஆனால் பத்திரிகைக்காரர் அந்தச் சொல்லை வேறு பக்கம் இழுத்துவிட்டார்கள். தொடர் கொலை, தொடர் திருட்டு என்று நாளும் வாசிக்கிற ஆளுக்குத் தொடர் குற்றம் என்றால் ஒருவன் திரும்பத் திரும்பச் செய்கிற பல குற்றங்கள்தான். எங்களுக்கு வேண்டியதோ ஒரே குற்றம், ஒருமுறை தொடங்கி இன்னும் முடியாமல் கிடப்பது.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்துக்கு இருந்த அம்மாமாருக்கு இதை நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கொண்டுபோனது ஒரு நாள், மறைக்கிறது ஒவ்வொரு நாளும். காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய ஐ.நா. பொதுச்சபையின் 1992 பிரகடனம் 17 ஆவது உறுப்புரையில் சொல்வதும் ஏறக்குறைய அதுதான்: ஆளுக்கு என்ன நடந்தது, எங்கே இருக்கிறார் என்பதைச் செய்தவர்கள் மறைத்து, அது தெளிவாகாமல் இருக்கும் வரை குற்றம் நடந்துகொண்டிருப்பதாகவே கொள்ள வேண்டும். இதே விடயத்துக்கான ஐ.நா.வின் 2006 சமவாயம், இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது, அதன் 8 ஆவது உறுப்புரை வழக்குக்கான கால எல்லையைக் குற்றம் முடிந்த நாளிலிருந்துதான் எண்ணச் சொல்கிறது.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவைப்படி கொலை, இராசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு 20 வருடம் போனால் வழக்குத் தொடர முடியாது. போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் படையினரிடம் கையளித்தோம் என்று குடும்பங்கள் சொல்கிற ஆட்களுடைய விடயத்தில், கையளித்த அந்த நாளோடு குற்றம் முடிந்தது என்று ஒருவர் வாதாடினால் வழக்குப் போடுகிற காலம் 2029 இல் முடிந்துபோகும். சிலியில் இதே வாதம் வந்தது. சர்வாதிகாரி பினோசேயின் இராணுவ ஆட்சி 1978 இல் ஒரு பொதுமன்னிப்பு ஆணையைப் போட்டு, 1973 இலிருந்து அதுவரை நடந்ததை எல்லாம் மூடப் பார்த்தது. பின்னாளில் நீதிமன்றம் அதைத் திருப்பிப் பிடித்தது: ஆளும் இல்லை, உடலும் இல்லை என்றால் அந்தக் கடத்தல் இன்னும் முடியவில்லை, முடியாததற்கு 1978 மன்னிப்பு எப்படிப் பொருந்தும்? 2000 ஆம் ஆண்டில் வழக்கிலிருந்து பினோசேயைக் காத்த விலக்குரிமை பறிபோனதற்கும் இந்த நியாயம்தான் அடிப்படை.

சரி, சொல்லுக்கு வருவோம். "தொடரும் குற்றம்" பரவாயில்லை, ஆனால் எனக்கு வாரப்பத்திரிகைத் தொடர்கதையின் கடைசி வரிதான் ஞாபகம் வருகிறது. "முடியாக் குற்றம்" கூடாது, பேச்சில் முடியாது என்றால் ஏலாது என்று அர்த்தமாகிவிடும். "நீடித்த குற்றம்" என்றால் எப்போதோ நீடித்து ஓய்ந்ததுபோல இருக்கிறது. அக்கா ஒருவர் முன்வைத்த "தீராக் குற்றம்" காதுக்கு நல்லாயிருக்கிறது, கவிதைக்கு நான் எடுத்துக்கொள்வேன், மனுவில் எழுத மாட்டேன். அது குடும்பத்தின் வேதனையைச் சொல்கிறதே தவிர செய்தவனின் செயலைச் சொல்லவில்லை. கொலை நடந்த வீட்டிலும் வேதனை தீராது, ஆனால் கொலை அன்றோடு முடிந்த செயல். இந்த வித்தியாசம் சொல்லில் நிற்க வேண்டும்.

அதனால் என் தெரிவு "நீள்குற்றம்". ஊறுகாய் மாதிரி வினைத்தொகை: நீண்ட, நீள்கின்ற, நீளும் என்று மூன்று காலமும் உள்ளே இருக்கிறது. தொடர்குற்றமும் வினைத்தொகைதானே என்று அண்ணர் கேட்பார், கேட்கட்டும். "தொடர்" தனிப் பெயர்ச்சொல்லாகிப் பல காலம், "நீள்" இன்னும் ஆகவில்லை. நீளமான குற்றம் என்று யாராவது விளங்கிக்கொள்ளலாம்தான், அதற்காக முதல்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் போட்டால் போதும்.

காணாமல் ஆக்கப்பட்டோர் தினமான ஓகஸ்ட் 30 க்கான துண்டுப்பிரசுரம் அச்சுக்குப் போக முன்னம் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அப்புறம் இன்னொன்று: படையினர் பிடித்து வைத்திருக்கிற காணிகளின் விடயத்தில் குற்றம் என்பதைவிட உரிமை மீறல் என்றுதான் வரும், அங்கே "நீள்மீறல்" பொருந்துமா? முல்லைத்தீவில் கேப்பாப்பிலவுப் பக்கம் காணி வேலை செய்கிறவர்கள் யாராவது சொன்னால் நல்லது.