கச்சேரி நந்தனத்தில், அப்பா எங்கே?

விழுப்புரம் அப்பா:
பெண் பதினொன்றாம் வகுப்பு. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் கச்சேரி. யாருடையது என்று சொல்லமாட்டேன், சொன்னால் பேச்சு அவர் பாட்டுப் பக்கம் போய்விடும். இவளும் கூட்டாளிகள் மூன்று பேரும் தீபாவளிக் காசு, பிறந்தநாள் காசு எல்லாம் சேர்த்து வைத்து நான்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள். எனக்கு எடுக்கவில்லை. "நீங்க ஓட்டிட்டு வந்தா போதும்ப்பா, உள்ள வரவேண்டாம்" என்கிறாள். வீட்டம்மாவோ, "நீங்களும் உள்ளே போவதென்றால் போகட்டும், இல்லையென்றால் யாரும் போகவேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். கூட வரும் ஒரு பெண்ணின் அம்மா போன் செய்து, "அண்ணே, நீங்க போறீங்கன்னுதான் அனுப்புறேன்" என்றார். அந்த ஒரு வரிதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது. இங்கிருந்து 160 கிலோமீட்டர். நான் உள்ளே போகவா, வெளியே நிற்கவா, இல்லை மொத்தமாக வேண்டாம் என்று சொல்லிவிடவா?

கோட்டைமேடு:
வேண்டாம் என்று சொல்லுங்கள் சார். 2023 செப்டம்பர் 10, சென்னைப் பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி ஞாபகம் இருக்கிறதா? டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே நுழைய முடியாமல் ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பினார்கள், ஈ.சி.ஆர். சாலை அப்படியே நின்றுவிட்டது. கூட்டத்தில் பெண்கள் பட்ட பாட்டை அவர்களே எழுதினார்கள். நாலு டிக்கெட் காசு போனால் போகட்டும்.

சைதாப்பேட்டைச் சிட்டு:
பனையூரைச் சொல்லியே எத்தனை வருடம் பெண்களை வீட்டில் உட்காரவைப்பீர்கள் அண்ணா? அதே நந்தனம் மைதானத்தில்தான் புத்தகக் கண்காட்சியும் நடக்கிறது. அங்கே மட்டும் எல்லோரும் குடும்பத்தோடு போகிறீர்கள்.

அப்பா கூட இருந்தால் பாதுகாப்பு என்பதை நான் நம்புவதில்லை. எனக்குப் பதினாறு வயதில் ஒரு கச்சேரிக்கு (எது என்று வேண்டாம்) அப்பா கூடவே வந்தார். வாசலில் ஒரு தள்ளு. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அப்புறம் ஒன்றரை மணி நேரம் பாட்டே கேட்காமல் அவரைத்தான் தேடினேன். போன் போகவில்லை, அவ்வளவு கூட்டத்தில் டவர் திணறும். கடைசியில் ஜெனரேட்டர் வண்டி பக்கத்தில், ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குக் காப்பாற்றப்பட்டது யார் என்று இன்னும் வீட்டில் சண்டை நடக்கிறது.

நான்கு பெண்களும் ஒன்றாக நின்றால் போதும். பிரிந்தால் எங்கே சேர்வது என்று மட்டும் முன்பே பேசிக்கொள்ளட்டும்.

கோட்டைமேடு:
புத்தகக் கண்காட்சியில் யாரும் மேடையை நோக்கி ஓடுவதில்லை அம்மா. அதே 2023-இல் நவம்பர் 25, கொச்சிப் பல்கலைக்கழகத்தில் என்ன நடந்தது? கச்சேரி தொடங்கக்கூட இல்லை. மழை வந்தது, வெளியே நின்றவர்கள் ஒதுங்க உள்ளே பாய்ந்தார்கள், வாசலை அடுத்துச் செங்குத்தான படிகள். நாலு பேர் செத்தார்கள்.

சைதாப்பேட்டைச் சிட்டு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆபத்து வாசலில், அதுவும் தாமதமாக வந்து முண்டுகிறபோது. சீக்கிரம் போய், பின்னால் ஓரமாக நின்றால் பாதிக் கவலை தீர்ந்தது. மேடைக்கு முன்னால் நிற்கவேண்டும் என்று அடம்பிடித்தால் அப்போது திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

ராத்திரி சவாரி:
பதினாலு வருடமாகச் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் வாடகை வண்டி ஓட்டுகிறேன். நீங்கள் எல்லோரும் வாசலைப் பற்றியே பேசுகிறீர்கள். திரும்பி வருவதை யாரும் பேசவில்லை.

கணக்குப் பாருங்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கி ராத்திரி 10 மணிக்கு மேல் கூடாது என்பது விதி. வருடத்தில் சில நாட்களுக்குத்தான் நள்ளிரவு வரை அரசு சலுகை தரலாம். ஆக 10 மணிக்குக் கச்சேரி முடியும். முடிந்ததும் அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் அண்ணா சாலையில் இறங்கும். பிள்ளைகளைப் பொறுக்கி வண்டியில் ஏற்றி நகரும்போது 11. கத்திப்பாரா, தாம்பரம், பெருங்களத்தூர் தாண்ட 12 ஆகும். அதற்கப்புறம்தான் ரோடு காலி. காலி ரோடுதான் ஆளைக் கொல்லும். பரனூர் டோல் வரை பின் ஸீட்டில் மூன்று பெண்களும் பாட்டுப் பாடுவார்கள், மதுராந்தகம் வருவதற்குள் எல்லாம் தூங்கிவிடும். முன் ஸீட்டில் இருப்பவளும் தூங்குவாள். ஏ.சி. ஓடும், ரோடு நேராகப் போகும், மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். நீங்கள் காலை ஆறு மணிக்கு எழுந்த ஆள். அச்சிறுபாக்கத்தில் டீ குடித்தாலும் அது அரை மணி நேரத்துக்குத்தான் தாங்கும். கண் திறந்தபடியே இரண்டு நிமிடம் ரோடு ஞாபகத்தில் இருக்காது. இது எனக்கே நடந்திருக்கிறது, திண்டிவனத்துக்கு முன்னால். நின்றிருந்த லாரியின் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே போவதும் வெளியே நிற்பதும் உங்கள் இஷ்டம். அன்றைக்கே ராத்திரி திரும்பாதீர்கள். அவ்வளவுதான்.

விழுப்புரம் அப்பா:
இதை நான் யோசிக்கவே இல்லை அண்ணே. உண்மையைச் சொன்னால், வண்டி ஓட்டுவதுதான் இதில் சுலபமான வேலை என்று நினைத்திருந்தேன்.

கோட்டைமேடு:
பார்த்தீர்களா, அவரும் என் கட்சிதான்.

ராத்திரி சவாரி:
உங்கள் கட்சி இல்லை சார். என் பெண்ணை நானே போன வருடம் அனுப்பினேன். ராத்திரி தங்கவைத்துக் காலையில் கூட்டிவந்தேன்.

மல்லிகா டீச்சர்:
"நீங்க போறீங்கன்னுதான் அனுப்புறேன்" என்று அந்த அம்மா சொன்னாரே, அதைத் தாண்டி எல்லோரும் ஓடுகிறீர்கள். அவர் மனதில் இருப்பது, பக்கத்திலேயே ஒரு பெரியவர் நிற்கிறார் என்பது. இவரோ வெளியே காரில் உட்கார்ந்திருக்க யோசிக்கிறார். தங்குவதானால் அது இன்னொரு வீடு, இன்னொரு ராத்திரி. மூன்று வீட்டுக்கும் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "உள்ளே நான் வரமாட்டேன், இன்ன இடத்தில் நிற்பேன், ராத்திரி இன்னார் வீட்டில் தங்குவோம், ஞாயிறு மதியம் வீட்டில் விடுவேன்." ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பெண் வரவேண்டாம். உங்கள் வீட்டுப் பெண்ணுக்குத்தான் நீங்கள் முடிவெடுக்கலாம், மற்றவள் விஷயத்தில் அவள் அம்மா சொல்வதுதான்.

இன்னொன்று. மருந்துக்கடையில் காதில் வைக்கும் பஞ்சடைப்பான் கிடைக்கும், ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொடுங்கள். கச்சேரிகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறை சொன்னது. ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் காதில் அது எங்கே விழப்போகிறது! மறுநாள் காதில் "ங்ங்" என்று வண்டு குடையும்.

சைதாப்பேட்டைச் சிட்டு:
டீச்சர் சொல்வது சரி, மூன்று வீட்டுக்கும் சொல்லவேண்டும். ஆனால் பக்கத்தில் நிற்கும் பெரியவர் என்று ஒருவர் இருந்தே ஆகவேண்டுமா என்றும் அந்த அம்மாவிடம் கேளுங்கள். பதினெட்டு முடிந்த மறுநாள் சென்னையில் ஹாஸ்டலில் சேர்ப்பீர்கள். அன்றைக்கு மட்டும் திடீரென்று எல்லாம் தெரிந்துவிடுமா?

நடைமுறைக்கு ஒன்று: காரை மைதானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆலந்தூர் மெட்ரோவில் நிறுத்திவிட்டு ரயில் ஏறுங்கள், நந்தனம் ஸ்டேஷன் மைதானத்துக்குப் பக்கத்தில். திரும்பும்போது நந்தனத்தில் வரிசை நீளும், அண்ணா சாலையில் நடந்து சைதாப்பேட்டை ஸ்டேஷனில் ஏறுங்கள். ஆளுக்கொரு சிங்காரச் சென்னை அட்டையில் பணம் போட்டு வையுங்கள், கவுன்டரில் நிற்கவேண்டாம். 11 மணிவாக்கில் மெட்ரோ நின்றுவிடும், கடைசிப் பாட்டுக்கு முன்னால் கிளம்ப மனசு வரவேண்டும்.

கோட்டைமேடு:
கடைசிப் பாட்டுக்கு முன்னால் கிளம்பிய பதினாறு வயதுப் பிள்ளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சைதாப்பேட்டைச் சிட்டு:
நான் கிளம்பினேன். செருப்புத் தேட.

விழுப்புரம் அப்பா:
மூன்று வீட்டுக்கும் பேசிவிட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள். "அண்ணே" என்றவர் மட்டும் ஒரு நாள் எடுத்துக்கொண்டு, குரோம்பேட்டையில் இருக்கும் என் மச்சான் மனைவியோடு அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். ராத்திரி அங்கேதான் தங்கப்போகிறோம். கார் ஆலந்தூரில். நான் உள்ளே போகவில்லை, நந்தனம் ஸ்டேஷன் வாசலில் இருப்பேன். பிரிந்தால், போன் போகவில்லையென்றால், எல்லோரும் அங்கே வரவேண்டும். வீட்டம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை, ஆனால் காதுப்பஞ்சு அவள்தான் வாங்கிவந்தாள், ஐந்து ஜோடி.

மெட்ரோவில் நானும் கூட வருகிறேன் என்றதற்கு மட்டும் பெண் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். அரை மணி கழித்து வந்து, "சரி வாங்கப்பா, நாங்க லேடீஸ் பெட்டில ஏறிக்கிறோம்" என்றாள்.

கோட்டைமேடு:
நானாக இருந்தால் இன்னமும் அனுப்பமாட்டேன். அந்தப் பக்கத்துப் பெட்டியில், லேடீஸ் பெட்டியை ஒட்டின பக்கம் நில்லுங்கள். அங்கிருந்தே தெரியும்.