மறுபடியும் எடுக்க முடியாத காட்சி: பட்டை விழுந்த ஷாட்டுகளை சிஜியில் (கணினி வரைகலையில்) சரிசெய்யலாமா?

தெம்பனிஸ் குறும்படம்:

அனைவருக்கும் வணக்கம். 12 நிமிடக் குறும்படம் ஒன்றின் இறுதிக்கட்டப் பணியில் இருக்கிறேன். மின்தூக்கிக்காகக் காத்திருக்கும் தாயும் மகனும் பேசிக்கொள்வதுதான் படத்தின் உயிர். சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் பக்கம் ஒரு பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு மாலைகளில் அதை எடுத்தோம். இப்போது மறுமேம்பாட்டுக்காக அந்த புளோக்கைக் காலி செய்து சுற்றிலும் அடைத்துவிட்டார்கள். அம்மாவாக நடித்தவரும் தஞ்சாவூருக்குத் திரும்பிவிட்டார். ஆகவே, கையில் இருப்பதை வைத்தே படத்தை முடித்தாக வேண்டும்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். விளக்குகளின் காரணமாகப் படம் முழுவதும் மங்கலான கிடைப்பட்டைகள் ஓடுகின்றன. முக்கியமான ஷாட் ஒன்றில் சுமார் 30 பிரேம்களுக்குப் பூம் மைக் (நீண்ட கழியில் பிடிக்கும் ஒலிவாங்கி) மேலிருந்து தலைகாட்டுகிறது. ஆனால் மாடி எண் காட்டும் பலகை மேலே தெரிந்தே ஆக வேண்டும் என்பதால் படத்தைப் பெரிதாக்கி மைக்கை வெளியே தள்ள முடியவில்லை. மின்தூக்கியின் எஃகுக் கதவில் எங்கள் குழுவினரின் நிழலுரு அசைகிறது. எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது, அம்மா கண்கலங்கும் ஷாட்டில் போகஸ் அவர் முகத்தில் இல்லாமல் பின்னால் இருக்கும் தூணில் விழுந்திருப்பதுதான். கேமரா முக்காலியில் இருந்தது. 4கே, விநாடிக்கு 24 பிரேம், ஷட்டர் 1/60 விநாடி. எதை எந்த வரிசையில் தொட வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சிஜி மேசை:

வணக்கம் தம்பி. முக்காலியில் எடுத்தீர்கள் என்பது பெரிய ஆறுதல். கேமரா அசையவில்லை என்றால், மைக் மறைத்த சுவர் எப்படி இருக்கும் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை. மைக் வராத பிரேம்களில் அதே சுவர் அதே இடத்திலேயே இருக்கிறது.

பட்டைகளிலிருந்தே தொடங்குங்கள். 1/60 என்பது அமெரிக்காவில் எடுக்கப்பட்ட பயிற்சிக் காணொளிகளில் அடிக்கடி சொல்லப்படும் அளவு. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். சிங்கப்பூரில் 50 ஹெர்ட்ஸ். இங்கே பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஷட்டரை 1/50 வைத்திருந்தால், ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு சுற்று வெளிச்சம் பதிந்து பட்டையே வந்திருக்காது. 1/60இல் ஒன்றே முக்கால் சுற்றுக்கும் சற்றுக் குறைவாகத்தான் பதிகிறது. சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், ஒவ்வொரு வரிக்கும் வேறு அளவு வெளிச்சம் கிடைத்து அது பட்டையாகத் தெரிகிறது.

இதில் நமக்குச் சாதகமான கணக்கு ஒன்று உண்டு. 100ஐ 24ஆல் வகுத்தால் நான்கும் ஆறில் ஒரு பங்கும் வரும். அதாவது, ஒவ்வொரு பிரேமுக்கும் பட்டை ஆறில் ஒரு சுற்று நகர்ந்து, ஏழாவது பிரேமில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். எனவே அடுத்தடுத்த ஆறு பிரேம்களின் சராசரியை எடுத்தால், அசையாத சுவர் பட்டையில்லாமல் கிடைக்கும். யாரும் குறுக்கே வராத ஒரு சுவர்க் கீற்றை மேலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பிரேமிலும் ஒவ்வொரு வரியும் அந்தச் சராசரியைவிட எவ்வளவு கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று அளந்து, அந்த விகிதத்தை அதே வரி முழுவதற்கும் திருப்பிப் பெருக்குங்கள். இதை லீனியர் ஒளி அளவில் (வெளிச்சம் இரட்டித்தால் எண்ணும் இரட்டிக்கும் அளவில்) செய்ய வேண்டும். வெளிச்சத்தைச் சுருக்கிப் பதிவு செய்யும் லாக் படத்தின் மீது நேரடியாகப் பெருக்கினால் கறுப்புப் பகுதிகள் கெட்டுவிடும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. மாலையில் எடுத்ததால் நடிகர்கள் மீது பக்கவாட்டில் பகல் வெளிச்சமும் விழுந்திருக்கும். அது துடிக்காது. சுவரில் அளந்த திருத்தத்தை அம்மாவின் முகத்திலும் முழு அளவில் போட்டால், அங்கே பட்டை தலைகீழாகத் தோன்றும். ஆகவே அவர்கள் இருவருக்கும் ரோட்டோ செய்து (பிரேம் பிரேமாக உருவத்தின் ஓரத்தை வரைந்து பிரித்து) திருத்தத்தின் அளவைக் குறையுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாது.

பட்டையை எடுத்த பிறகே மைக்குக்குப் போங்கள். மாற்றிச் செய்தால், ஒட்டிய துண்டின் பட்டை ஒரு பக்கமும் சுற்றியுள்ள பட்டை வேறு பக்கமும் ஓடும்.

ஒளிப்பதிவு உதவியாளர்:

முந்தைய பதிலில் ஒரு சிறு திருத்தம். மெனுவில் 24 என்று காட்டும் பல கேமராக்கள் உண்மையில் 23.976இல் பதிவு செய்கின்றன. அப்படியானால் ஆறு பிரேம்களில் பட்டை துல்லியமாகத் திரும்பாது; சுற்றில் நாற்பதில் ஒரு பங்கு தள்ளி நிற்கும். சராசரிக்கு அது பாதகமில்லை. ஆனால் பட்டை நீக்குவதற்கு முன்பே சோதனைக்காக மைக் இல்லாத பிரேமை எடுத்து ஒட்டிப் பார்க்க விரும்பினால், 41 பிரேம் தள்ளியிருப்பதை எடுங்கள். ஏறக்குறைய அதே பட்டை அதே இடத்தில் இருக்கும். மின்சாரத்தின் அலைவெண்ணும் சிறிதளவு ஏறி இறங்கும் என்பதால், கணக்கை நம்புவதோடு நிற்காமல் கண்ணாலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவைப் பற்றி ஒரு சொல். குழுவினரை அழிக்கும் வேகத்தில் மகனின் பிம்பத்தையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள். கதவுக்கு முன்னால் நிற்பவருக்குப் பிம்பம் இல்லையென்றால், என்ன காரணம் என்று புரியாமலேயே பார்ப்பவருக்கு உறுத்தும்.

எடிட் அறை:

போகஸ் தவறிய ஷாட்டைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் அது சிஜி மேசையின் வேலை அல்ல. லென்ஸில் கலைந்த விவரம் கோப்பில் பதிவாகவே இல்லை. கூர்மையைக் கூட்டினால் நொய்ஸ்தான் (படத்தில் துடிக்கும் புள்ளிகள்) கூடும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் முகத்தைத் தெளிவாக்கித் தருவதுபோல் தோன்றும். ஆனால் அவை இல்லாத சுருக்கங்களையும் இமைமுடிகளையும் தாமாக வரைகின்றன, ஓடவிட்டுப் பார்த்தால் பிரேமுக்குப் பிரேம் தோல் நெளிகிறது. முகத்தில் கைவைப்பது பெரிய பணத்துக்கும் கடினம். 2017இல் வெளிவந்த ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தின் மறுபடப்பிடிப்பில், வேறொரு படத்துக்காக வளர்த்த மீசையுடன் நடித்த ஹென்றி கவிலின் மீசையைக் கணினியில் அழித்தார்கள். மேலுதட்டில் ஏதோ சரியில்லை என்பது ரசிகர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. உங்கள் அம்மா அழும் காட்சியில் அப்படியொரு சந்தேகம் எழக்கூடாது.

முதலில் அந்த ஷாட்டை எச்டி அளவுக்குக் குறைத்துப் பெரிய திரையில் பாருங்கள். 4கேயில் தெரியும் மங்கல் சில நேரங்களில் அங்கே தெரியாது. தெரிந்தால், அம்மாவின் குரலை வைத்துக்கொண்டு மகனின் முகத்துக்கு வெட்டுங்கள். அவன் கேட்டுக்கொண்டிருக்கும் ஷாட் வேறு எங்காவது நான்கு விநாடி உங்களிடம் இருக்கும். அவர் அழுகிறார் என்பதை அவன் முகம் சொல்லட்டும்.

தெம்பனிஸ் குறும்படம்:

மூவருக்கும் மிக்க நன்றி. கோப்பு 23.976தான். ஆறு பிரேம் சராசரியில் தூணும் சுவரும் சுத்தமாக வந்துவிட்டன. முகங்களுக்கு ரோட்டோ செய்துகொண்டிருக்கிறேன். போகஸ் தவறிய ஷாட்டை நூலக அரங்கு ஒன்றின் திரையில் ஓட்டிப் பார்த்தேன். மங்கல் தெரிந்தது, அதைப் படத்திலிருந்து நீக்கிவிட்டேன். உரையாடலுக்கு முன் மகன் தரையைப் பார்த்தபடி நிற்கும் ஷாட் பொருந்துகிறது.

மைக்கில்தான் ஒரு சிக்கல் மிஞ்சியிருக்கிறது. மைக் வராத பிரேமிலிருந்து எடுத்த துண்டின் ஓரம் தெரியவில்லை, நிறமும் ஒத்துப்போகிறது. ஆனால் ஓடவிட்டால் அந்த இடம் மட்டும் உயிரில்லாமல் உறைந்து நிற்கிறது.

சிஜி மேசை:

ஒரே பிரேமை 30 பிரேம்களுக்கும் ஒட்டியிருக்கிறீர்கள். சுற்றிலும் நொய்ஸ் துடிக்கும்போது அந்தத் துண்டில் மட்டும் அது உறைந்துவிட்டது. துண்டை ஓர் ஒற்றைப் பிரேமிலிருந்து எடுக்காமல், மைக் வருவதற்கு முன்னுள்ள ஓடும் 30 பிரேம்களிலிருந்து எடுங்கள்; அதன் நொய்ஸ் தானாகவே கூட வரும். மாடி எண் பலகையை மட்டும் மாஸ்க்குக்கு (ஒட்டும் பகுதியின் எல்லைக்கு) வெளியே விடுங்கள், இல்லையென்றால் மின்தூக்கி ஒரு மாடி பின்னால் போய்விடும். மைக் வருவதற்கு முன் அவ்வளவு பிரேம்கள் இல்லையென்றால், உறைந்த துண்டின் நொய்ஸை முழுவதும் நீக்கிவிட்டு, பக்கத்துச் சுவரின் நொய்ஸை அளந்து அதே பருமனில், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாகப் புதிதாகச் சேருங்கள். நீலத்தில் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாக இருக்கும். இதையெல்லாம் முடித்து, கலர் செய்வதற்கு முன்னால் ஒருமுறை வெளிச்சத்தை மிகையாக ஏற்றி ஓட்டிப் பாருங்கள். டிஐயில் (இறுதி நிறத் திருத்தத்தில்) கான்ட்ராஸ்ட் கூடும்போது வெளிப்படும் ஓரம் அப்போதே தெரிந்துவிடும்.